24 வோல்ட் சோலார் பேட்டரி: ஃபியூஸ், கேபிள் அளவு குறித்து ஆலோசனை தேவை

வணக்கம். 25.6 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 1600 வாட் இன்வெர்ட்டருடன் வீட்டில் இணைக்கவிருக்கிறேன். பேட்டரி 22 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையில் முழுச் சுமையும் ஓடினால், இன்வெர்ட்டரின் செயல்திறனை 90 விழுக்காடாகக் கொண்டு, ஏறத்தாழ 81 ஆம்பியர் பாயும். அதனுடன் 25 விழுக்காடு சேர்த்தால் 101 ஆகிவிடுவதால் 125 ஆம்பியர் ஃபியூஸைத் தேர்ந்திருக்கிறேன்.

குழப்பம் கேபிளில்தான். போக வர 5 மீட்டருக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 0.3 வோல்ட் அளவே இழப்பு. ஆனால் ஃபியூஸ் காக்க வேண்டியது கேபிளை என்பதால், 40 டிகிரி கோடையில் பிவிசி குழாய்க்குள் செல்லும் அக்கேபிள் 125 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்குமா, 35-க்கு மாறுவதே முறையா? கடைக்காரர் 16 போதும் என்கிறார். எரியப்போவது அவர் வீடு அல்லவே.

குறுக்குச்சுற்று ஏற்பட்டால் இவ்வகை பேட்டரியிலிருந்து ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயக்கூடும். 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கும் கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் எங்கள் ஊர்க் கடைகளில் இல்லை. டிசி (நேர்மின்னோட்ட) மதிப்பு அச்சிடப்பட்ட, மிகு மின்னோட்டத்தைத் துண்டிக்கவல்ல எச்ஆர்சி ஃபியூஸை அதற்குப் பதிலாகப் பயன்படுத்தியவர்கள் அனுபவத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன். நேர்மின்னோட்டம் சுழியைத் தொடாததால், துண்டிக்கும்போது எழும் மின்பொறி எளிதில் அணையாது. ஆகவே வீட்டு ஏசி மின்சாரத்துக்கான எம்சிபியை (தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) பரிந்துரைக்க வேண்டாம்.

இரு பேனல்களும் ஒரே தொடரிணைப்பில் உள்ளதால் அங்கு ஃபியூஸ் வைக்கவில்லை. 40 ஆம்பியர் சார்ஜ் கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் இடையே 50 ஆம்பியர் ஃபியூஸும் 10 சதுர மில்லிமீட்டர் கேபிளும் சரிதானா? முதன்மை ஃபியூஸைப் பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தொலைவில் சுவரில் பொருத்தலாமா?