எரர் மெசேஜை எப்போது காட்டுவது?

தாமிரபரணி:
கடன் விண்ணப்ப ஃபார்ம் ஒன்று எழுதுகிறோம். வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டுக் கட்டத்தில் தப்பாக அடித்தால் ‘இன்வேலிட் இன்புட்’ என்று மட்டும் வருகிறது. எது தப்பு என்று அடிப்பவருக்கு எப்படித் தெரியும்? டைப் செய்யச் செய்யவே செக் பண்ணி, தமிழில் சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

கல்தூண்:
தமிழில் சொல்லுங்கள், சரி. டைப் செய்யும்போதே என்பதைத்தான் ஏற்க மாட்டேன். 11 எழுத்தில் மூன்றாவதை அடிக்கும்போதே கட்டம் சிவந்தால், இன்னும் அடித்தே முடிக்காதவரைத் தப்பு என்கிறோம். பிரிட்டன் அரசு தன் இணையப் பக்கங்களுக்கு வைத்திருக்கும் டிசைன் சிஸ்டத்தைப் பாருங்கள்: சப்மிட் கொடுத்த பிறகே பிழை. பக்கத்தின் மேலே எல்லாப் பிழைகளும் லிங்க்குடன், கட்டத்தருகிலும் அதே வாசகம்.

தாமிரபரணி:
இருபது கட்டத்தை நிரப்பிய பிறகு ஏழு தப்பு என்றால், செல்போனில் அடிப்பவர் நொந்துபோவார். எழுத்துக்கு எழுத்து வேண்டாம். கட்டத்தை விட்டு நகர்ந்ததும் சொல்வோம். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில், பயனர் தப்பாக நிரப்பிய கட்டத்தைப் பிடிக்கும் யூசர்-இன்வேலிட் இருப்பதே இதற்குத்தானே? 2023இல் குரோமிலும் வந்துவிட்டது.

பின்வாசல்:
நேரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், வாசகத்தை யாரும் எழுதிக்காட்டவில்லை. ஐ.எஃப்.எஸ்.சி.யில் முதல் நான்கும் ஆங்கில எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே ‘ஓ’ எழுத்தை அடித்துவிடுவார்கள். ‘ஐந்தாவது இடத்தில் ஓ இருக்கிறது, அங்கே பூஜ்யம் வர வேண்டும்’ என்று எழுதுங்கள். என்னைக் கேட்டால் மெசேஜே வேண்டாம், புரோகிராமே அதைப் பூஜ்யமாக மாற்றிவிடட்டும். நடுவில் விழுந்த ஸ்பேஸ், சின்ன எழுத்து எல்லாமும் அப்படித்தான்.

கல்தூண்:
ஸ்பேஸ், சின்ன எழுத்து ஓகே. பணம் எந்தக் கிளைக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கும் குறியீட்டைச் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றக் கூடாது. மாற்றினால் வங்கி பெயர், கிளை பெயர் இரண்டையும் கீழே காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

பின்வாசல்:
அது நியாயம்.

மெய்யெழுத்து:
செக்கே தப்பாக இருந்தால் வாசகம் எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்? பெயர் கட்டத்தில் ‘எழுத்து மட்டும்’ என்று ரெக்எக்ஸ், அதாவது எந்தெந்த எழுத்துரு வரலாம் என்ற விதி, போடுகிறார்கள். கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் நம் துணைக்கால், கொம்பு, புள்ளி எதுவும் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. ‘கார்த்திக்’ என்று அடித்தால் துணைக்காலிலேயே அடிபடும். குறி வகையையும் சேருங்கள். இனிஷியலுக்குப் பின்னால் வரும் புள்ளியையும் விடுங்கள். கடைசிப் பெயரைக் கட்டாயமாக்காதீர்கள். அப்பா பெயரின் முதல் எழுத்தோடு வாழும் ஊர் இது.

தாமிரபரணி:
மூன்றையும் செய்கிறோம். லாகின் பக்கத்துக்கும் இதே மாதிரி விளக்கமாக எழுதலாமா?

பின்வாசல்:
அங்கே கூடாது. ‘இந்த மின்னஞ்சல் பதிவாகவில்லை’ என்று சொன்னால், யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று வெளியாள் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவான். ‘மின்னஞ்சல் அல்லது கடவுச்சொல் பொருந்தவில்லை’, அவ்வளவுதான்.

கல்தூண்:
கட்டத்தை விட்டு நகர்ந்ததும் காட்டுவதாகவே இருக்கட்டும். ஆனால் சப்மிட்டில் மேலே வரும் பட்டியலை எடுத்துவிடாதீர்கள், அதில் நான் இறங்கி வர மாட்டேன். சிவப்பு நிறத்தை மட்டும் நம்பாமல் வாசகத்தைக் கட்டத்தோடு ஏரியா-டிஸ்க்ரைப்டுபை என்ற எச்டிஎம்எல் பண்பை வைத்து இணையுங்கள். இல்லாவிட்டால் திரையைப் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடரில் அந்தக் கட்டத்துக்கு வருபவருக்கு அது கேட்கவே கேட்காது.