"80 டச்" என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

எல்லாருக்கும் வணக்கம். சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். லண்டனிலிருந்து ஒருவர் கொலுசு கேட்டு, வெள்ளியின் தரம் என்ன என்று மெயில் போட்டிருந்தார். வழக்கம்போல "80 டச்" என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். இந்த இடத்தில் டச் என்றால் என்ன, புரியவில்லையே என்று பதில் வந்துவிட்டது.

நூறு கிராமில் எண்பது கிராம் வெள்ளி இருந்தால் அது 80 டச். அப்பா காலத்திலிருந்து இதுதான் பேச்சு. கல்லூரியில் படிக்கிற மகளோ, "டச்னா தொடறதுப்பா, இது நம்ம ஊர் இங்கிலீஷ்" என்கிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கருப்பு உரைகல்லில் நகையை ஒரு இழுப்பு இழுத்து, விழுகிற கோட்டின் நிறத்தை வைத்துத் தரம் சொல்வோமே, அந்தக் கல்லுக்கு ஆங்கிலத்தில் டச்ஸ்டோன் என்றுதான் பெயர். அப்படி உரைத்துப் பார்ப்பதையும் முன்பு டச் என்றே சொல்லியிருக்கிறார்கள். அங்கே பேச்சில் மறைந்துபோன பொருள் நம் பட்டறையில் உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் ஆயிரத்துக்கு இத்தனை என்று கணக்கு. ஸ்டெர்லிங் வெள்ளி 925. ஹால்மார்க் தரங்களில் 800-ம் உண்டு, அதுதான் நம் 80 டச்.

பில்லில் "ஃபைன்னஸ் 800" என்று போடுவதா, "பியூரிட்டி 80 பர்சன்ட்" என்று போடுவதா? ஏற்றுமதி செய்கிறவர்களும் ஆங்கில ஆசிரியர்களும் ஒரு வரி மாதிரி எழுதிக் கொடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும்.