புதுப்பிப்பு: புருவத்தின் வழியே அம்மாவின் கட்டியை எடுத்துவிட்டார்கள்

அம்மாவுக்கு முன்மண்டையோட்டின் அடித்தளத்தில் மெனிஞ்சியோமா (மூளையைச் சுற்றியுள்ள உறையில் வளரும்) கட்டி, பார்வை நரம்பை அழுத்துகிறது, தலையைப் பெரிதாகத் திறக்காமல் எடுக்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. முடியும்.

கொழும்பில் செய்தார்கள். புருவ மயிருக்குள்ளேயே ஏறத்தாழ 4 செ.மீ. கீறல், அதன் மேலே நெற்றி எலும்பில் சிறு சாளரம். நுண்ணோக்கியாலும் எண்டோஸ்கோப்பாலும் (உள்ளே விட்டுப் பார்க்கும் மெல்லிய குழாய்க் கமெரா) பார்த்துப் பார்த்து எடுத்தார்களாம். மூக்குத் துவாரம் வழியாக எடுக்கும் முறையும் உண்டு. ஆனால் கட்டி பக்கவாட்டில் பரவியிருந்தது. மூளைத் திரவம் மூக்கால் கசியும் ஆபத்தும் அங்கே கூடுதல். துவாரம் சிறியது என்பதால் சத்திரசிகிச்சையும் சிறியது என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பவை அதே நரம்புகள், அதே இரத்தக்குழாய்கள்.

மூன்று நாள் கண் வீங்கி மூடியே கிடந்தது. அது வழமைதான் என்று முன்கூட்டியே ஒருவராவது சொல்லியிருக்கலாம், அழுதே விட்டேன். நெற்றி இன்னும் மரத்திருக்கிறது.

நேற்று மாலை திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள் நடந்தோம். கோணேசர் கோயில் பக்கம் நேரே பார்த்தபடியே அம்மா என் கையை இழுத்தார்: "பார்த்து வா பிள்ளை, இடப்பக்கம் மான் நிற்கிறது." சத்திரசிகிச்சைக்கு முன்பு அந்தப் பக்கம் வந்த சைக்கிள் தெரியாமல் மோதி விழுந்தவர் அவர்.

திசுப் பரிசோதனையில் முதலாம் தரம், புற்றுநோய் இல்லை. மூன்று மாதத்தில் எம்ஆர்ஐ. பிறகும் ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு தொடரும்.

மூதூரிலிருந்து கேட்ட அக்கா, பார்வைப்புலப் பரிசோதனையை (நேரே பார்க்கும்போது பக்கங்களில் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பது) தள்ளிப்போடாதீர்கள். அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள்.