மறு: ‘பேட்ச்’ என்பதற்குத் தமிழ்: ‘பின்னல்’ என்று முன்மொழிகிறேன்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நாலு நாளாக இந்த இழையில் வரும் மடல்களை ராத்திரி படுக்கப்போகுமுன் படித்துக்கொண்டுதான் இருந்தேன். கோயில் கொடை சீசன், கடையில் இருந்த மைக்செட்டெல்லாம் ஊர் ஊராகப் போய் இன்றுதான் திரும்பி வந்தது. தனித்தனிப் பாகங்களை (மாடுல்களை) ஒயரால் இணைத்து மின்சாரத்தால் ஒலி எழுப்பும் கருவி மாடுலர் சிந்தசைசர். அதில் ஒயர்களை மாட்டி அமைப்பதை ‘பேட்ச்’ என்கிறார்களே, அதற்குத் தமிழ் என்ன என்ற கேள்வியைக் கிளப்பியது நான். ஆகவே என் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> ‘இணைப்பு’ என்று சொன்னால் போதாதா? புதுச்சொல் எதற்கு?

போதாது. ஏன் என்று சொல்ல, நேற்று ராத்திரி என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது யூரோராக் அளவிலான மாடுலர் சிந்தசைசர், இரண்டு வரிசைப் பெட்டி. 1990களின் நடுவில் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் கொண்டுவந்த அளவு அது. ஒவ்வொரு மாடுலுக்கும் முகப்பு 128.5 மில்லிமீட்டர் உயரம், அகலம் 5.08 மில்லிமீட்டரின் மடங்கு. ஆகவே எந்தப் பட்டறையில் செய்ததையும் எதன் பக்கத்திலும் பொருத்தலாம். ஒலி அலையை உண்டாக்கும் அலையியற்றி தனி, அதில் ஒரு பகுதியை மட்டும் விடும் வடிகட்டி தனி, ஒலிமட்டத்தை ஏற்றி இறக்கும் பெருக்கி தனி. என் அலையியற்றி, வெளிநாட்டில் ஒரே ஆள் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து கையால் சால்டர் செய்து விற்பது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், சத்தம் வராது. ஒயர் மாட்டும்வரைக்கும் அது கருவியே ஆகாது.

நேற்று மாட்டியது இது. அலையியற்றியின் ரம்பஅலை வடிகட்டிக்குள் ஒன்று. வடிகட்டியிலிருந்து பெருக்கிக்கு இரண்டாவது. பெருக்கியிலிருந்து ஸ்பீக்கருக்கு மூன்றாவது. காதுக்குக் கேட்காத வேகத்தில் ஆடும் மெதுஅலையியற்றி ஒன்று வடிகட்டியைத் திறந்து மூட, நாலாவது. விசைப்பலகையில் விரல் வைத்தது தெரிய ஒரு ஒயர், அதன்படி பெருக்கியைத் திறக்க ஒரு ஒயர், ஆக ஆறு. சுருதியைத் தீர்மானிக்கும் விசைப்பலகையின் மின்னழுத்தம் நேரே அலையியற்றிக்குப் போகாமல், வழியில் அதை வழுக்கவிடும் ஒரு மாடுலுக்குள் நுழைந்து வெளியே வருகிறது, அதற்கு இரண்டு. ஒன்பதாவது ஒயர்தான் விசேஷம். வடிகட்டியின் இன்னொரு வாயிலிலிருந்து (ஒயர் செருகும் துளை) கிளம்பி, திரும்பவும் அலையியற்றியின் சுருதி வாயிலுக்கே போகிறது. தன் சத்தத்தை வைத்தே தன் சுருதியை ஆட்டிக்கொள்கிறது. அந்த ஒன்றைப் பிடுங்கினால் நல்ல பிள்ளை மாதிரி ஒரே சீராக ஊதும். மாட்டினால் தொண்டை கரகரத்து, இரும்பை உரசுகிற மாதிரி ஒரு நாதம்.

இங்கே இணைப்பு ஒன்பது, பேட்ச் ஒன்று. ஒன்பது இணைப்பும் சேர்ந்து என்ன ஆயிற்றோ அதற்குத்தான் நாம் பேர் தேடுகிறோம். ‘இணைப்பு’ என்பதை ஒரு ஒயருக்கு விட்டுவிடலாம்.

> ‘கோவை’ அழகான சொல். இலக்கியத்திலும் இருக்கிறது.

அழகுதான். ஆனால் கோத்தது ஒரு வரிசையில்தான் போகும், மணிமாலை மாதிரி. ஒன்பதாவது ஒயரைக் கோவைக்குள் எப்படி வைப்பது? அது வந்த வழியே திரும்பிப்போகிறது. அதோடு ஒரு வாயிலிலிருந்து மூன்று பக்கம் பிரிந்து போவதும் இதில் அன்றாடம்.

> ‘ஒட்டு’ ஏற்கெனவே மென்பொருளில் பேட்ச்சுக்குப் புழங்குகிறது.

மென்பொருள் பேட்ச், கிழிந்த சட்டைக்குப் போடும் ஒட்டு. அங்கே அந்தச் சொல் சரியாக உட்காருகிறது. இங்கே எதுவும் கிழியவில்லை. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே எழுத்தில் இருக்கிறது என்பதற்காக நாமும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டியதில்லை. இந்தக் கருவிக்கு அந்தச் சொல் தொலைபேசி இணைப்பகத்துப் பலகையிலிருந்தும் வானொலி நிலையத்திலிருந்தும் வந்தது. ஆபரேட்டர் ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்கு ஒயர் செருகிப் பேச்சை மாற்றிவிடுவார், பேசி முடிந்ததும் பிடுங்கிவிடுவார். தற்காலிகம் என்பது அந்தச் சொல்லின் உயிர். நம் சொல்லிலும் அது இருக்க வேண்டும் என்பதே என் முதல் நிபந்தனை.

இனி, தூத்துக்குடி அண்ணாச்சி சொன்னது.

> முடைதல், முடைவு. நம் பக்கத்து ஓலைப்பெட்டி முடைகிற சொல். பேட்ச் = முடைவு.

அண்ணாச்சி, உங்கள் மடலைப் படித்ததும் இதோடு இழை முடிந்தது என்றுதான் நினைத்தேன். குறுக்கும் நெடுக்குமாகப் போவது, கையால் செய்வது, ஊர்ச்சொல், எல்லாம் பொருந்துகிறது. ‘முடை’ என்றதும் பணமுடையும் முடைநாற்றமும் நினைவுக்கு வருமே என்ற தயக்கத்தைக்கூட ஒதுக்கிவிட்டேன். இடித்தது வேறு இடத்தில். கருப்பட்டிப் பெட்டி முடைந்தாயிற்று என்றால் முடைந்ததுதான். பிரித்து அதே ஓலையில் மறுபடி முடைய முடியுமா? மடிப்பில் ஓலை முறிந்துபோகும். பத்தமடைப் பாயும் அப்படித்தான். நெய்தபின் கோரையை உருவி வேறு பாய் நெய்ய முடியாது. இந்தக் கருவியிலோ ராத்திரி பத்து மணிக்குச் செய்ததைப் பதினோரு மணிக்குக் கலைத்துவிட்டு அதே ஒயரில் இன்னொன்று செய்கிறோம்.

அப்போதுதான் பின்னல் கோலாட்டம் நினைவுக்கு வந்தது. எங்கள் அக்கா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆண்டுவிழாவில் ஆடியிருக்கிறாள். அப்பா மைக்செட் போட்டிருந்தார். நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேலே ஒரு வளையம், அதிலிருந்து கலர் கலராகக் கயிறு தொங்கும். ஆளுக்கு ஒரு கயிறு. ஒருத்தி உள்ளே போனால் அடுத்தவள் வெளியே வருவாள். பாட்டு நடக்க நடக்க, மேலிருந்து கீழே சடை மாதிரிப் பின்னல் இறங்கிவரும். பாதிப் பாட்டில் அப்படியே திரும்பி எதிர்ச்சுற்று ஆடுவார்கள். பின்னல் பூராவும் அவிழ்ந்து, முதலில் இருந்தபடி வெறும் கயிறாகத் தொங்கும். ஒருத்தி கால் தப்பினால் அந்த இடத்தில் மட்டும் முடிச்சு நின்றுவிடும்.

பின்னுவதும் அவிழ்ப்பதும் இரண்டுமே ஆட்டம்தான். மாடுலர் வாசிப்பதும் அதேதான். ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன்: கோலாட்டத்தில் பின்னிய வரிசைக்குத் தலைகீழாகத்தான் அவிழ்க்க முடியும், ஒயரை எந்த வரிசையிலும் பிடுங்கலாம். அவ்வளவு தூரத்துக்கு ஒப்புமை தேவை இல்லை என்பது என் எண்ணம்.

எங்கள் அம்மாவுக்கு இந்த விவாதம் எதுவும் தெரியாது. முந்தாநாள் காப்பி கொண்டுவந்தவள் பெட்டியைப் பார்த்துவிட்டு, “நேத்துப் பின்னுனதை எல்லாம் உருவிப் போட்டுட்டியா?” என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. புதிதாகப் பார்க்கிறவர் வாயில் தானாக வருகிற சொல் எது என்பதைக் கலைச்சொல்லுக்கு ஒரு சோதனையாக வைக்கலாம்.

> பின்னல் என்றால் நெட்வொர்க் என்று குழம்பமாட்டார்களா? வலைப்பின்னல் இருக்கிறதே.

நியாயமான கேள்வி. நெட்வொர்க்குக்கு நாம் வைத்தது ‘வலைப்பின்னல்’. இப்போது ‘வலையம்’, ‘பிணையம்’ என்றும் எழுதுகிறார்கள். தனியாகப் ‘பின்னல்’ என்றால் யாருக்கும் கணினி நினைவுக்கு வருவதில்லை, சடைதான் வருகிறது. சடையும் காலையில் பின்னி ராத்திரி அவிழ்ப்பதுதானே. மேலும் இந்தச் சொல்லில் வினை இருக்கிறது. ‘இணைப்பு ஏற்படுத்தினேன்’ என்று நீட்டி முழக்காமல் ‘பின்னினேன்’ என்று சொல்லிவிடலாம். மாற்றிப் பின்னு, அவிழ், பின்னல் குறிப்பு (நோட்டில் படம் போட்டு வைத்துக்கொள்வது; செல்போனில் போட்டோ எடுத்தால் எந்த ஒயர் எதன் அடியில் போகிறது என்று தெரிவதில்லை). சில கருவிகளில் உள்ளேயே ஒயரிங் போட்டிருக்கும், நாம் ஜாக்கைச் செருகினால் மட்டும் அது விலகிக்கொள்ளும். 2015இல் மூக் நிறுவனம் கொண்டுவந்த மதர்-32 அப்படிப்பட்டது. அதற்கு ‘உட்பின்னல்’. சிரமமே இல்லாமல் வந்து உட்காருகிறது.

சென்னைத் தங்கை கேட்டதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ஒயரே இல்லாத கருவியிலும், நினைவகத்தில் சேமித்த ஒலியை ‘பேட்ச்’ என்கிறார்களே, அதற்கு என்ன செய்வது? 1978இல் வந்த ப்ராஃபெட்-5 என்ற சிந்தசைசர் நாற்பது ஒலிகளை நினைவில் வைத்துக்கொண்டது. ஒயர் போன பிறகும் சொல் மட்டும் தங்கிவிட்டது. தங்கச்சி, நாம் ஏன் அந்தச் சுமையையும் சுமக்க வேண்டும்? சேமித்ததற்குச் ‘சேமிப்பொலி’ போன்ற ஒன்றைத் தனியாக வைப்போம். பின்னல் என்றால் அவிழ்த்தால் போய்விடுவது என்றே இருக்கட்டும். என் பெட்டியில் சேமிக்க வழியே கிடையாது. போன மாசம் ஒரு பின்னலில் நாகஸ்வரத்தில் வழுக்கிப்போகும் ஜாரு மாதிரி ஒன்று வந்தது. அப்பா கல்யாண வீடுகளில் காருகுறிச்சி அருணாசலம் இசைத்தட்டுத்தான் முதலில் போடுவார். அந்தக் காதோடு வளர்ந்தவன் நான். வழுக்கும் மாடுலின் குமிழை மயிரிழை திருப்பியதில், ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு மின்னழுத்தம் ஏறுகிற விதம் அந்த ஊதலுக்குக் கிட்டே வந்துவிட்டது. குறிப்பு எடுக்கவில்லை. திரும்பப் பின்னிப் பின்னிப் பார்க்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை.

> இது மேல்நாட்டுக் கருவி. பேரும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே.

1964இல் அமெரிக்காவின் ராபர்ட் மூக் தன் மாடுலர் கருவியை வெளியே காட்டினார். ஐந்தே வருஷத்தில், 1969இல், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் மாடுலரை அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் வந்து நிறுவிவிட்டார். இந்தியக் கைகள் அதில் ஒயர் மாட்டி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. பேர் வைப்பதில் அவசரப்படுகிறோம் என்று யாரும் சொல்ல முடியாது.

பேட்ச் ஒயருக்கு என்ன? இழை என்றால் இந்த மடலாடலுக்கே அந்தப் பேர்தான். ‘பின்னல்வடம்’ என்கிறேன். வடம் என்றதும் ஆனித் தேரோட்டத்து நெல்லையப்பர் தேர் வடம் கண்முன் வரும், சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒயருக்கா என்று தோன்றும். ஆனால் கழுத்தில் போடுவதும் இரட்டைவடச் சங்கிலிதான். தடிமன் அந்தச் சொல்லில் இல்லை.

வாசிக்குமுன் கருவியைச் சூடேற்றுவதற்கும் ஒரு சொல் கைவசம் இருக்கிறது. ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறவேண்டும். அரைஸ்வரத்துக்குச் சுமார் 83 மில்லிவோல்ட். அந்தக் கணக்கைச் செய்வது ஒரு ஜோடி டிரான்சிஸ்டர், அது சூட்டுக்கு அசையும். அதை ஈடுகட்ட உள்ளே ஏற்பாடு உண்டு என்றாலும், போட்டதும் சுருதி சேர்த்தால் நிற்காது. எங்கள் பக்கத்து அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு கணக்கு, குற்றாலச் சாரல் அடிக்கும்போது ஒரு கணக்கு. அரைமணி நேரம் ஓடவிட்டுத்தான் சுருதி சேர்க்கிறேன். கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல்வாத்தியத்தைத் தீயில் காட்டிக் காய்ச்சின பிறகுதானே அடிப்பார்கள்? கொடை கொடையாய் மைக் கட்டி நான் பார்த்தது. ‘காய்ச்சுதல்’ என்றே இதற்கும் வைக்கலாம்; தோலுக்குப் பதில் டிரான்சிஸ்டர் காய்கிறது.

விரல் வைத்ததிலிருந்து ஒலி எழுந்து அடங்கும் போக்கான ‘என்வலப்’ என்பதற்கு ‘உறை’ வேண்டவே வேண்டாம். கடித உறை வேறு. அதற்குள் வரும் ‘சஸ்டெயின்’ கட்டத்தைக் ‘கார்வை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கார்வை கால அளவு. இது விரலை எடுக்கும்வரை நிற்கும் மின்னழுத்த மட்டம். தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

கருவி வாங்க நினைக்கும் தம்பிக்கு ஒரே ஒரு வார்த்தை. மாடுலைப் பெட்டியில் பொருத்தும்போது பின்பக்கத்துப் பட்டை ஒயரின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள். நான் ஒன்றைத் திருப்பி மாட்டினேன். ஒரு விநாடிதான், கருகல் வாடை வந்துவிட்டது. டிஎல்072 ஐசி ஒன்று போயிற்று. ஜங்ஷன் பக்கத்துக் கடையிலேயே புதிது கிடைத்து, அன்று சாயங்காலமே மாற்றிவிட்டேன் என்பதால் தப்பித்தேன். எல்லா மாடுலும் அப்படித் தப்பாது.

அண்ணாச்சி, நேற்றைய பின்னலின் ஒலிப்பதிவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நாற்பதாவது நொடியில் ஒன்பதாவது வடத்தைப் பிடுங்குகிறேன், ஒரு நிமிஷத்தில் திரும்ப மாட்டுகிறேன். ஹெட்போனில் கேளுங்கள். கேட்டபிறகும் ‘முடைவு’தான் என்று உங்களுக்குத் தோன்றினால், ஏன் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து