மறுமொழி: ‘அறிவிப்பு வழங்கல்’ வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஏற்காட்டில் நான்கு நாளாக மழை, மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. அதனால்தான் தாமதம். நம் கலைச்சொல் பட்டியலில் ‘டிக்ளரேட்டிவ் லினக்ஸ் டிஸ்ட்ரிபியூஷன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு (டிஸ்ட்ரிபியூஷனை நாம் ‘வழங்கல்’ என்கிறோம்) ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> டிக்ளேர் என்றால் அறிவி. ஆகவே டிக்ளரேட்டிவ் லினக்ஸ் வழங்கலை ‘அறிவிப்பு வழங்கல்’ என்றே சொல்லிவிடலாம். நேரடியாக இருக்கிறது.

நேரடியாகத்தான் இருக்கிறது. ஆனால் கைபேசி நோட்டிஃபிகேஷனுக்கு அறிவிப்பு என்ற சொல் எப்போதோ போய்விட்டது. ‘அறிவிப்பு வழங்கல்’ என்று படிப்பவர், நாள் முழுக்க டிங் டிங் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும் லினக்ஸ் போல என்றுதான் நினைப்பார். நாம் பேசும் டிக்ளரேட்டிவ் வழங்கலான நிக்ஸ்ஓஎஸ் பாவம், அதற்கு நேரெதிர். கணினி எப்படி இருக்க வேண்டும் என்று அமைவுக் கோப்பில் எழுதிவைத்தால், அதன்படி கணினியை அமைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஆங்கிலச் சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, அது செய்யும் வேலையைப் பார்ப்போம். இங்கே ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தின் பழைய கணினியில் நிக்ஸ்ஓஎஸ் போட்டுக் கொடுத்தேன். எடை மெஷினை யூஎஸ்பியில் செருகினால் ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) மட்டும்தான் படிக்க முடிகிறது, கணக்கர் படிக்க முடியவில்லை. செருகும் கருவிகளை யார் பயன்படுத்தலாம் என்று பார்த்துக்கொள்ளும் யுடெவ்வுக்கு விதி ஒரு வரி எழுதினால் தீரும் வேலை. வேறு வழங்கலாக இருந்தால் அமைவுகள் இருக்கும் இடிசி அடைவுக்குள் ஒரு கோப்பைப் போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். நிக்ஸ்ஓஎஸ்ஸில் அந்த இடமே நிக்ஸ் கிடங்கிலிருந்து (மென்பொருள் பொதிகளை வைக்கும், படிக்க மட்டும் முடிகிற இடம்) வந்த இணைப்பு, எழுத விடாது. ரூட்டாகவும் முயன்று, அரைமணி நேரம் முட்டி மோதிய பிறகுதான் புத்தி வந்தது. இதையே பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான், வெட்கம்தான்.

அமைவுக் கோப்பில் யுடெவ்வுக்கான கூடுதல் விதிகள் என்ற இடத்தில் அந்த வரியை எழுதி, கணினியை மறுபடி கட்டும் ரீபில்ட் கட்டளையை ஓட்டினேன். விதிக்கோப்பை அதுவே உண்டாக்கிக்கொண்டது. நாளைக்கு அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால் விதியும் போய்விடும். ‘இதை அழி’ என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கோப்பில் இல்லை, ஆகவே கணினியிலும் இல்லை.

இங்கேதான் நம் இலக்கணம் கைகொடுக்கிறது. நிறுவு, அழி, தொடங்கு, நிறுத்து எல்லாமே ஏவல் வினை. இம்பெரேட்டிவ் என்பதற்கு ‘ஏவல்’ என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். அதற்கு எதிர்ப்பக்கம் யாரையும் ஏவாமல் நிலையை மட்டும் சொல்வது: ‘புளூடூத் இயங்குகிறது, இந்த விதி இருக்கிறது’. நிலையை உரைப்பதால் ‘நிலையுரை’. ஆக, என் பரிந்துரை ‘நிலையுரை வழங்கல்’.

நிக்ஸ் என்ற பெயரும் இதற்கு ஒத்துவருகிறது. அது ‘ஒன்றுமில்லை’ என்பதற்கான டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் அடிப்படையும் அதுதான்: ஒரு பொதியைக் கட்டும்போது, வெளிப்படையாகச் சொல்லாத எதுவும் அதன் கண்ணில் படாது. உரைத்தால் உண்டு, இல்லாவிட்டால் நிக்ஸ்.

அடுத்து, பட்டியலில் உள்ள ‘ஹார்டுவேர் சர்வீஸ் மாட்யூல்’, அதாவது வன்பொருளைக் கவனிக்கும் நிரல்களை அமைத்துக் கொடுக்கும் நிக்ஸ்ஓஎஸ் பகுதி. மாட்யூலுக்குத் ‘தொகுதி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தொகுதி என்றால் எனக்குச் சேலம் வடக்கு, சேலம் மேற்கு, ஏற்காடு என்று வாக்குச்சாவடிதான் நினைவுக்கு வருகிறது. நான் ‘கூறு’ பக்கம். ‘சர்வீஸ்’தான் தொல்லை. ‘வன்பொருள் சேவைக்கூறு’ என்று எழுதிப் பார்த்தேன், சேலம் ஐந்து ரோட்டில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை மாதிரி இருக்கிறது. இங்கே சர்வீஸ் என்பது பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் டீமன் என்ற நிரல். வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் எஃப்டபிள்யூஅப்டி, சூட்டைக் கவனிக்கும் தெர்மல்டி மாதிரியானவை. அதனால் ‘வன்பொருள் பணிக்கூறு’.

நிலையுரை என்ற சொல்லின் பலம் இந்தப் பணிக்கூறுகளில்தான் தெரியும். மடிக்கணினி மின்கலத்தைச் சேமிக்க டிஎல்பி என்று ஒன்று, பவர்-புரொஃபைல்ஸ்-டீமன் என்று இன்னொன்று. ஏவல் முறையில் இரண்டையும் நிறுவு, இரண்டையும் தொடங்கு என்றால் பல இடங்களில் செய்துவிடும். அப்புறம் இரண்டும் ஒரே அமைப்பை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். நிக்ஸ்ஓஎஸ்ஸில் இரண்டையும் ஆம் என்று எழுதினால், இவை ஒன்றுக்கொன்று முரண் என்று சொல்லிக் கட்டும்போதே நின்றுவிடும். கட்டளையில் முரண் கண்டுபிடிப்பது கடினம், கூற்றில் எளிது. அந்தச் சோதனை தானாக வந்ததில்லை, பணிக்கூற்றைப் பேணுகிறவர் உட்கார்ந்து எழுதியது.

ஏற்காட்டிலிருந்து

----

இளம்பிள்ளையிலிருந்து:

அண்ணா, வணக்கம். ‘பணிக்கூறு’ சரி. ‘நிலையுரை’யில் எனக்கு இரண்டு சந்தேகம்.

ஒன்று, கோப்பில் எழுதுவது இருக்கிற நிலை இல்லையே, நான் வேண்டுகிற நிலைதானே? ‘வேண்டுநிலை வழங்கல்’ என்றால் என்ன?

இரண்டாவது, புதுச்சொல் எதற்கு? எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு குறைவு. தறியின் ஜக்கார்டு பெட்டியில் ஓட்டை போட்ட அட்டையைக் கோத்து மாட்டிவிட்டால், அட்டையில் என்ன இருக்கிறதோ அதுதான் சேலையில் வரும். நீங்கள் சொல்லும் டிக்ளரேட்டிவ் அதுதானே? ‘அட்டைமுறை’ என்றால் சேலம் மாவட்டத்துக்கே புரியும்.

அப்புறம், பழைய கட்டுரைகளில் எல்லாம் ‘அறிவிப்பு முறை’ என்று எழுதித் தள்ளியிருக்கிறோம். அதையெல்லாம் யார் திருத்துவது?

----

தம்பி,

வேண்டுநிலை நல்ல சொல், ஆனால் வேறு இடத்துக்கு. பல கணினிகளில் நிரல்களை ஓட்டி மேய்க்கும் குபெர்னெட்டிஸ் வேண்டிய நிலையை வைத்துக்கொண்டு, நடப்பு விலகினால் ஓயாமல் துரத்திப் பிடித்துச் சரிசெய்யும். அதற்கு உங்கள் சொல்லை எடுத்து வைத்துக்கொள்வோம். நிக்ஸ்ஓஎஸ் அப்படித் துரத்தாது. சொன்ன நிலையை மொத்தமாகக் கட்டி, ஒரு தலைமுறை என்று எண் போட்டு, அதற்கு மாறிக்கொள்ளும். பிடிக்காவிட்டால் முந்தைய தலைமுறைக்குத் திரும்பலாம்.

தறி உவமை அருமை, ஆனால் ஒரு படி தள்ளி நிற்கிறது. ஓர் அட்டை என்பது ஓர் ஊடைக்கு (குறுக்கு இழைக்கு) எந்தெந்த ஊக்கைத் தூக்க வேண்டும் என்ற கட்டளை. ஓட்டை இருந்தால் தூக்கு, இல்லாவிட்டால் விடு. வரிசை மாறினால் மயில் மாங்காய் ஆகிவிடும். சுத்த ஏவல் அது. நிலையுரை எது என்றால், அட்டை அடிப்பதற்கு முன்னால் டிசைன் போடுகிறவர் கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புகிறாரே, அந்தத் தாள். அதில் தூக்கு, விடு எதுவும் கிடையாது. இந்தக் கட்டத்தில் இந்த நிறம், அவ்வளவுதான். தாளைப் பார்த்து அட்டை அடிக்கிறார்கள், அட்டையைப் பார்த்துத் தறி நெய்கிறது.

பழைய கட்டுரைகளைத் திருத்தவே வேண்டாம். பணிக்கூறு பேணுகிறவர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். நிக்ஸ்ஓஎஸ்ஸின் 24.11 வெளியீட்டில் ‘ஹார்டுவேர்.ஓப்பன்ஜிஎல்’ என்ற அமைவு விருப்பத்தை ‘ஹார்டுவேர்.கிராஃபிக்ஸ்’ என்று மாற்றினார்கள். பழைய பெயரில் எழுதியவர்களின் கோப்பு உடைந்துவிடவில்லை. பெயர் மாறிவிட்டது, இனி இப்படி எழுதுங்கள் என்று ஓர் எச்சரிக்கை, மற்றபடி பழைய பெயர் புதியதற்கே போய்ச் சேர்ந்தது. நம் சொற்பட்டியலிலும் ‘அறிவிப்பு முறை’ என்ற பதிவு அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் ‘காண்க: நிலையுரை’ என்று மட்டும் சேர்த்திருக்கிறேன். ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலமே வந்துவிட்டது, கண்டக்டர் இன்னும் அஞ்சு ரோடு என்றுதானே கூவுகிறார்.

இன்னொன்று. நிக்ஸில் அமைவுக் கோப்புக்கும் கட்டி முடித்த பொதிக்கும் நடுவில் டெரிவேஷன் என்று ஒரு கோப்பு உண்டாகும். எந்தக் கருவியை, எந்த உள்ளீடுகளோடு, எப்படி ஓட்ட வேண்டும் என்பது அதில் இருக்கும். மனிதர் கையால் எழுதுவதில்லை, நிலையுரையைப் பார்த்து நிக்ஸே அடித்துக்கொள்வது. ஒரு வருடமாக அதற்குச் சொல் கிடைக்காமல் ‘வருவிப்பு’ என்று ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறோம். ‘அட்டை’ என்றே வைத்துவிடலாமா? வீட்டில் பெரியவர்களிடம், அட்டை அடிப்பதற்கு வேறு ஏதாவது சொல் புழங்குகிறதா என்று கேட்டு எழுதுங்கள்.