வான் கைலன்பர்க், வன்டோர்ட்: டச்சு ஊர்ப்பெயர்கள் பேராக் தோட்டப் பக்கம் எப்படி வந்தன?

செக்ரோல் கேட்கிறார்:

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மெர்டேக்காவுக்கு (1957 சுதந்திரம்) முன் வேலை பார்த்த கிராணிமார் (எழுத்தர்கள்), டிரஸ்ஸர்கள் (தோட்ட மருத்துவ உதவியாளர்கள்), பக்கத்து ரயில்வே ஆட்கள் பெயர்களைப் பட்டியல் போட்டு வருகிறோம். தமிழ், மலையாளப் பெயர்களில் குழப்பம் இல்லை. இடறுவது இரண்டு பெயர். ஒன்று வான் கைலன்பர்க். கல்லறைக் கல்லில் 'பர்க்' என்று முடிகிறது, சம்பள ஏட்டில் 'பெர்க்' என்று முடிகிறது. இன்னொன்று வன்டோர்ட், ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதியிருக்கிறது.

இவை எந்த ஊர்ப்பெயர்? 'வான்' என்றால் ஜமீன் பட்டம் மாதிரி என்று ஒரு தரப்பு, நெப்போலியன் 1811-ல் கட்டாயப்படுத்தி வைத்த பெயர் என்று இன்னொரு தரப்பு. இரண்டில் எது சரி? ஹாலந்திலிருந்து பேராக் வரை வந்த தடத்தை எந்த ஏட்டை வைத்து உறுதி செய்வது? கல்லில் பாதி எழுத்து பாசி மூடிக் கிடக்கிறது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

ஏட்டுப்பூச்சி:

இரண்டுமே சரியில்லை. இந்த மாதிரிப் பெயர்கள் பேராக்குக்கு வந்தது பெரும்பாலும் இலங்கை வழியாக, அதனால் நெப்போலியன் கதையை இலங்கைப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். நான் பெயரைப் பார்க்கிறேன்.

ஊர் கூலம்போர்க். நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாநிலம், லெக் ஆற்றின் தென்கரை. 1318-லேயே நகர உரிமை பெற்ற இடம். பழைய எழுத்துமுறையில் இன்றைய 'கே' வரும் இடத்தில் 'சி' போடுவார்கள், 'யு-ஐ' வரும் இடத்தில் 'யு-ஒய்' அல்லது 'யு-ஐ-ஜே' போடுவார்கள். அந்த உயிரொலி தமிழில் இல்லை, ஐ-க்கும் ஔ-வுக்கும் இடைப்பட்டது. இங்கிலீஷ்காரர் வாயில் அது 'கை' ஆகிவிட்டது. அதனால் கே-யில் தொடங்கினாலும் சி-யில் தொடங்கினாலும் ஒரே பெயர் என்று வைத்துத் தேடுங்கள்.

'பர்க்' கோட்டை, 'பெர்க்' மலை. லெக் கரையோரம் மலை என்று சொல்ல ஒரு மேடுகூடக் கிடையாது, ஆகவே சம்பள ஏட்டில் உள்ளது எழுதின கிராணியின் காதுப் பிழை என்றே எடுத்துக்கொள்ளலாம். 'பெர்க்' என்று தனிக் குடும்பம் ஒன்றைப் பட்டியலில் உண்டாக்கிவிடாதீர்கள்.

வன்டோர்ட் சுலபம். டோர்ட்ரெக்ட் நகரத்தைப் பேச்சில் டோர்ட் என்பார்கள். 1618–19-ல் சீர்திருத்தச் சபையின் பெரிய மாநாடு கூடிய ஊர். இலங்கையில் இந்தப் பெயர் ஊன்றிப்போன ஒன்று. 19-ஆம் நூற்றாண்டுக் கொழும்பு வாழ்க்கையைக் கோட்டோவியமாக வரைந்து வைத்த ஜே. எல். கே. வான் டோர்ட் (1831–1898) இந்தப் பெயர்க்காரர்தான்.

'வான்' என்பது 'இன்ன ஊரிலிருந்து' என்ற அளவுதான், பட்டம் இல்லை. ஜெர்மன் 'ஃபோன்' பெரும்பாலும் பிரபுத்துவத்தைக் காட்டும், அதை இதோடு போட்டுக் குழப்புகிறார்கள். கூலம்போர்க்குக்கு அதே பெயரில் பிரபுக்கள் இருந்தது உண்மை, 1555 முதல் அது தனிக் கோமகன் ஆட்சிப்பகுதியும்கூட. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் ரயில்வே கிளார்க் பிரபு வம்சம் ஆகிவிடமாட்டார்.

இந்த மாதிரிப் பெயர் எப்படி ஒட்டுகிறது என்பதுதான் முக்கியம். சுங்கை சிப்புட்டுக்குள் யாரையும் 'சுங்கை சிப்புட்காரர்' என்று கூப்பிடுவதில்லை. பக்கத்து ஊரான கோலகங்சாரில் குடியேறினால்தான் அந்தப் பெயர் வரும். ஊர்ப்பெயர் அந்த ஊரை விட்டு வெளியேறியவருக்குத்தான் ஒட்டும். கூலம்போர்க்கில் பிறந்த இரண்டு பெரிய புள்ளிகளைப் பாருங்கள்: 1593-ல் பிறந்த, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநரான அந்தோனியோ வான் டீமன், 1619-ல் பிறந்த, கேப் டவுனில் கம்பெனியின் குடியேற்றத்தைத் தொடங்கிய யான் வான் ரீபேக். இருவருக்கும் ஊர் கூலம்போர்க், குடும்பப் பெயர் வேறு. டீமன் என்பது ஆம்ஸ்டர்டாம் பக்கத்துக் கிராமம். பெயரில் உள்ள ஊர் வேறு, பிறந்த ஊர் வேறு, இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் பட்டியல் கெடும்.

இன்னொரு சிக்கல். கூலம்போர்க்குக்குத் தனி நீதி அதிகாரம் இருந்தது. கடன் கட்ட முடியாமல் திவாலானவர்கள் ஹாலந்து நகரங்களிலிருந்து தப்பி வந்து தங்கும் அடைக்கல ஊர் அது. வந்துபோகிறவர்கள் அதிகம். 'அங்கிருந்து வந்தவர்' என்றால் அங்கே பிறந்தவர் என்றுகூடப் பொருள் இல்லை.

கொழும்புத்துறை:

1811 கதை இங்கே பொருந்தாது. நெதர்லாந்தைப் பிரான்சு இணைத்துக்கொண்டது 1810-ல். குடும்பப் பெயர் இல்லாதவர்கள் ஒன்றைப் பதிய வேண்டும் என்ற உத்தரவு 1811 ஆகஸ்டில். ஒழுங்காக நடக்கவில்லை, 1825-ல் அரசர் மறுபடி உத்தரவு போட்டார். ஆனால் இலங்கையின் டச்சுப் பகுதிகள் ஆங்கிலேயர் கைக்குப் போனது 1796. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியே 1799 முடிவில் இல்லாமல் போயிற்று. கம்பெனிக் கப்பலில் வந்தவர் பெயர் அதற்கு முந்தியது என்றுதான் கணக்கு. நெதர்லாந்திலும்கூட மேற்கு மாநிலங்களில் பெரும்பாலோருக்கு 1811-க்கு வெகு முன்பே பெயர் இருந்தது.

தேடும் முறை: முடிவிலிருந்து முதலுக்குப் போங்கள். நேராக ஹாலந்து ஆவணத்துக்குத் தாவுகிறவர்கள்தான் யாரோ ஒருவரைத் தாத்தாவாக்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

பேராக் ஆள் என்றால் முதலில் அரசு கெசட். பேராக் கெசட் 1888-லிருந்து, கூட்டு மலாய் மாநிலங்களின் கெசட் 1909-லிருந்து. நியமனம், விடுப்பு, இடமாற்றம், ஓய்வு எல்லாம் அதில் வரும். ஆர்க்கிப் நெகாராவில் (மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம்) பார்க்கலாம். தோட்ட ஊழியர் அதில் வரமாட்டார், ரயில்வே, சர்வே, மருத்துவத் துறை ஆட்கள் வருவார்கள். அடுத்து சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இலவசப் பழைய நாளிதழ்த் தேடல். அங்கே ஒரு தொல்லை: நெடும்பெயர் வரி ஓரத்தில் உடைந்து அச்சாகியிருக்கும், எந்திர வாசிப்பு 'யு'-வை 'என்' ஆக்கியிருக்கும். முழுப்பெயரைத் தட்டினால் பாதிதான் கிடைக்கும். முன்பாதி 'கைலன்' தனி, பின்பாதி 'பர்க்' தனி, இரண்டோடும் 'ஈப்போ', 'தைப்பிங்', 'ரயில்வே' என்று ஒரு சொல்லைச் சேர்த்துத் தேடுங்கள். கல்யாணச் செய்தியும் மரண அறிவிப்பும்தான் தங்கம், 'கொழும்பைச் சேர்ந்த இன்னாரின் மகன்' என்ற ஒரு வரி அங்கேதான் அகப்படும்.

அந்த வரி கிடைத்ததும் இலங்கைக்குத் தாண்டலாம். 1908-ல் கொழும்பில் தொடங்கிய டச்சு பர்கர் யூனியனின் (பர்கர் என்றால் இலங்கையின் டச்சு வம்சாவளியினர்) சஞ்சிகையில் குடும்ப வம்சாவளிகள் தொடர்ந்து வெளிவந்தன. ஒவ்வொன்றும் முதல் மூதாதையரில் தொடங்கும்: பிறந்த ஊர், வந்த கப்பல், வேலை, மனைவி. பிறகு தலைமுறை தலைமுறையாக எண் போட்டு இறங்கும். இரண்டு எச்சரிக்கை. அது ஆண் வழியை மட்டும் பிடித்துப் போகிறது, மகள் வழி திருமணத்தோடு அறுந்துவிடும். உறுப்பினராக ஐரோப்பிய ஆண் வழியைக் காட்ட வேண்டியிருந்ததால் உள்ளூர்ப் பெண்கள் வந்த இடங்களில் தகவல் மெலிந்திருக்கும். சரிபார்க்க 1757-ல் திறந்த கொழும்பு வுல்வெண்டால் தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகளும், இலங்கை ஆவணக் காப்பகத்தில் உள்ள டச்சுக் காலத் தோம்புகளும் (நில, குடும்பப் பதிவேடுகள்) உண்டு.

கடைசியாகத்தான் கம்பெனியின் கப்பல் சம்பள ஏடுகள். ஹேக் தேசிய ஆவணக் காப்பகம் அதை இணையத்தில் வைத்திருக்கிறது. சுமாராக 1700 முதல் 1794 வரை. பெயர், சொந்த ஊர், கப்பல், சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம் இருக்கும். இரண்டு முறை தேடுங்கள். ஒருமுறை 'வான்' இல்லாமல் குடும்பப் பெயரை வைத்து. இன்னொரு முறை சொந்த ஊர்ப் பத்தியில் கூலம்போர்க்கின் எல்லா எழுத்துக்கூட்டலையும் வைத்து. காரணம், 'யானின் மகன்' என்று வெறும் தகப்பன் பெயரோடு கப்பல் ஏறியவர் கொழும்பில் இறங்கிய பிறகு ஊர்ப்பெயரை ஒட்டிக்கொண்டிருக்கலாம். 1700-க்கு முன் வந்தவர் இதில் சிக்கமாட்டார், கிடைக்காததை வைத்து 'அப்படி ஒருவர் வரவில்லை' என்று எழுதிவிடாதீர்கள். கம்பெனியில் ஜெர்மானியர், ஸ்காண்டிநேவியர் ஏராளம், சிப்பாய்களில் இன்னும் கூடுதல், அதனால் சொந்த ஊர் நெதர்லாந்துக்கு வெளியேயும் இருக்கலாம்.

பேராக்குக்கு வந்த வழி பெரிய மர்மம் இல்லை. 1869-ல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களைத் தின்றது, துரைமார் சிலர் மலாயாவுக்கு மாறினார்கள். 1885-ல் தைப்பிங்–போர்ட் வெல்ட் ரயில் ஓடத் தொடங்கியதும் இங்கிலீஷ் படித்த ஆபீஸ் ஆட்கள் தேவைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தாரும் பர்கர்களும் அதே வேலைகளுக்குத்தான் வந்தார்கள். வான் கைலன்பர்க் அந்த வகுப்பில் நன்றாக ஊன்றிய பெயர், 1888-ல் கொழும்பில் 'சிலோன் இண்டிபெண்டன்ட்' நாளிதழைத் தொடங்கிய ஹெக்டர் வான் கைலன்பர்க்கே சாட்சி.

ஆற்றங்கரை_மலாக்கா:

இலங்கை என்று முடிவு கட்டுவதற்கு முன் மலாக்காவையும் ஒரு கை பாருங்கள். 1641 முதல் 1795 வரை டச்சு ஆட்சி, பிறகு 1818 முதல் 1825 வரை மறுபடி. நகரம் டச்சுக்காரரிடம் வீழ்ந்த 1641-ல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) தலைமை ஆளுநர் மேலே சொன்ன வான் டீமன். 1662–65-ல் மலாக்காவில் தளபதியாக இருந்தது வான் ரீபேக். கூலம்போர்க்காரர் இருவர் கை இந்த ஊரில் பட்டிருக்கிறது. ஆனால் அவர்கள் பெயர் இங்கே குடும்பமாகத் தங்கவில்லை. தங்கியவை வெஸ்டர்ஹவுட், டி விட் மாதிரி வேறு பெயர்கள். 1830-களில் நானிங் பகுதியை மேற்பார்த்த ஜே. பி. வெஸ்டர்ஹவுட் அந்த வழி.

அடையாளம் பிரிக்க ஒரு குறிப்பு உண்டு. மலாக்கா டச்சு யுரேசியர் (ஐரோப்பிய–ஆசியக் கலப்பினர்) பலர் போர்த்துகீசியரோடு கலந்து கத்தோலிக்கர் ஆனார்கள். இலங்கை பர்கர்கள் டச்சுச் சபையிலிருந்து ஆங்கிலிக்கன் பக்கம் போனவர்கள் அதிகம். கல்லறை எந்தச் சபையின் நிலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முடிவான சாட்சி இல்லை, திசை காட்டும். மலாக்கா வழிதான் என்று தெரிந்தால் டச்சு ஏடுகளில் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களின் 'ஆர் 9' வரிசையில் இருக்கிறது. ஒரு பக்கக் குறிப்பு: செயின்ட் பால் குன்றடியில் 'டச்சுக் கல்லறை' என்று பலகை வைத்த இடத்தில் பெரும்பாலானவை பிரிட்டிஷ்காரர் கல்லறைகள்.

இங்கே யாரும் தொடாத விஷயம் ஒன்று. 'வான்' போட்டு ஊர்ப்பெயர் வந்தால் ஐரோப்பிய ஊர் என்று ஏன் எடுத்துக்கொள்கிறோம்? கம்பெனி அடிமைகளுக்கும் இதே முறையில்தான் பெயர் எழுதியது: வான் பெங்காலன், வான் மலபார், வான் கோரமாண்டல், வான் பாலி. ஒரு ஞானஸ்நானப் பெயர், பிறகு வாங்கப்பட்ட கரையின் பெயர். கோரமாண்டல் கரையில் கம்பெனியின் கோட்டை இருந்தது பழவேற்காட்டில், அங்கிருந்து பத்தாவியாவுக்கு ஆட்களைக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். கேப் டவுனில் வான் ரீபேக் வீட்டிலேயே அஞ்செலா வான் பெங்காலா என்ற அடிமைப் பெண் இருந்தார். 1666-ல் விடுதலை பெற்று, 1669-ல் ஐரோப்பியர் ஒருவரை மணந்தார். அவர் வழியினர் இன்று பேர்போன தென்னாப்பிரிக்கக் குடும்பங்களில் இருக்கிறார்கள். மலாக்கா, கொழும்பு ஏடுகளில் இப்படி ஒரு 'வான்' கண்ணில் பட்டால், அது நம் கரையிலிருந்து கொண்டுபோகப்பட்டவராக இருக்கலாம். பட்டியலில் 'டச்சுக்காரர்' என்று கை பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள்.

செக்ரோல்:

நன்றி. கல் இருப்பது ஆங்கிலிக்கன் பகுதியில்தான். சம்பள ஏட்டில் இனம் என்ற பத்தியில் 'யுரேசியன்' என்று போட்டு அடித்து, மேலே 'சிலோன்' என்று எழுதியிருக்கிறது. கல்லுக்கு என்ன செய்யலாம்?

ஏட்டுப்பூச்சி:

அந்த அடித்தலைப் படம் எடுத்து வைத்துவிடுங்கள், அதுவே பாதி பதில். மலாயாக் கணக்கெடுப்பில் 'பர்கர்' என்ற கட்டத்துக்கு இடம் சரியாக இல்லாததால் எழுதுகிறவர் நினைத்தபடி ஒன்றில் போடுவார். வேறு ஏடுகளிலும் இரண்டு தலைப்பின் கீழும் பாருங்கள்.

கல்லுக்கு: கம்பி பிரஷ், குளோராக்ஸ், ஆசிட், தேய்க்கிற சாக்கட்டி எதுவும் வேண்டாம். குளோரின் கல்லுக்குள் இறங்கிப் பின்னால் உப்பாகப் பூத்து மேல்தோலை உரிக்கும். மாவு தூவினால் எழுத்து தெரியும், ஆனால் ஒட்டின மாவு அடுத்த மழையில் இன்னும் பாசியை வளர்க்கும். கல்லைத் தட்டிப் பாருங்கள், உள்ளே வெற்றொலி வந்தால் கையே வைக்காதீர்கள், படம் மட்டும் எடுங்கள். உறுதியாக இருந்தால் ஒரு வாளி வெறுந்தண்ணீரில் முதலில் நன்றாக நனைத்து, மெத்தென்ற நைலான் பிரஷால் கீழிருந்து மேலாக. மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் வழிந்து கறைக் கோடு விழும். எழுத்துக் குழிக்குள் ஐஸ்கிரீம் குச்சி மாதிரி மரக்குச்சி. ஆணி வேண்டாம்.

படத்துக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். காலை எட்டரைக்கு முன் அல்லது மாலை ஐந்தரைக்குப் பிறகு. மரநிழல் இருந்தால் ஒரு கண்ணாடியைப் பிடித்து வெயிலைக் கல்லின் மேல் சாய்வாகத் திருப்புங்கள், இல்லையென்றால் இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் விளிம்போடு ஒட்டிப் பிடியுங்கள். இடது, வலது, மேல் என்று மூன்று பக்கத்திலிருந்தும் எடுங்கள். 'யு'-வா 'ஐ'-யா என்ற சந்தேகம் ஒரு படத்தில் தீராது.

பட்டியலில் மூன்று பத்தி வையுங்கள்: ஆவணத்தில் உள்ளபடி எழுத்துக்கூட்டல், தேடலுக்கான பொது வடிவம், 'வான்' நீக்கிய வரிசைச் சொல். நெதர்லாந்தில் 'வான்' கழித்து 'சி' அல்லது 'கே'-யில் அடுக்குவார்கள், பெல்ஜியத்திலும் இங்கிலீஷ் ஏடுகளிலும் 'வி'-யில் அடுக்குவார்கள். வன்டோர்ட் ஒரே சொல்லாகச் சேர்ந்தது இந்த இங்கிலீஷ் பழக்கத்தில்தான். இரண்டு அடுக்கிலும் பார்க்காமல் 'இல்லை' என்று குறிக்காதீர்கள்.