மெரினோ ஸ்வெட்டர் சுருங்கிவிட்டது, மீட்க வழி உண்டா?

ஈசூன்வாசி:
ஜூலையில் மெல்பர்ன் போனபோது வாங்கிய மெரினோ (மெல்லிய ரோமமுள்ள செம்மறியாடு) கம்பளி ஸ்வெட்டர். விமானத்தில் பையன் வாந்தி எடுத்த துணிகளோடு இதையும் சேர்த்து வாஷிங் மெஷினில் 60 டிகிரியில் போட்டுத் தொலைத்துவிட்டேன். இப்போது எட்டு வயதுப் பையனுக்கே இறுக்கம், ஜமுக்காளம் மாதிரி கெட்டியாகிவிட்டது. இழுத்தால் பழையபடி வருமா? அப்புறம் இன்னொன்று, மனைவியின் பழைய கம்பளி ஸ்வெட்டர் கழுத்தெல்லாம் அரிக்கும், இது அரிக்கவே இல்லை. ஏன்?

நூல்கண்டு:
வராது தம்பி. ஆட்டு ரோமத்தின் மேல் ஓட்டுக்கூரை போலச் செதில்கள் அடுக்கியிருக்கும், சூடும் சோப்பும் உருட்டலும் சேர்ந்தால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நகர்ந்து மாட்டிக்கொள்ளும், நகர்ந்தது திரும்பாது. தொப்பி செய்கிறவர்கள் வேண்டுமென்றே இதைச் செய்கிறார்கள். நான் இப்படிச் சுருங்கிய ஒன்றை வெட்டிச் சூடான சட்டி வைக்கப் பயன்படுத்துகிறேன், ஓரம் பிரியவே இல்லை. 'மெஷினில் துவைக்கலாம்' என்று போட்ட கம்பளியில் பெரும்பாலும் செதில் முனைகளைக் குளோரினால் மழுக்கி, மேலே பிசின் பூசியிருப்பார்கள்.

அரிப்புக்குக் காரணம் இழையின் பருமன். மெரினோ பெரும்பாலும் 24 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதனால் தோலில் பட்டதும் வளைந்துவிடும். 30ஐத் தாண்டினால் வளையாமல் குத்தும்.

தேக்காக்காரன்:
மனைவியின் அந்த அரிக்கும் ஸ்வெட்டர் முதலில் கம்பளிதானா, அக்ரிலிக் என்ற செயற்கை இழையா? லேபிளைப் பாருங்கள்.

ஈசூன்வாசி:
குத்துகிறது என்று லேபிளை எப்போதோ வெட்டியாச்சு அண்ணே.

தேக்காக்காரன்:
சரி, உள்தையலில் ஒரு நூலை உருவிச் சிங்க்கில் வைத்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை, நசுக்கினால் பொடியாகும் சாம்பல் என்றால் கம்பளி. உருகிக் கெட்டி மணியானால் அக்ரிலிக். பத்து வெள்ளிக்குப் 'பஷ்மினா' என்று வாங்கிய சால்வையையும் இப்படித்தான் பார்த்தேன், காகிதம் எரிகிற வாடை, மரக்கூழில் செய்யும் விஸ்கோஸ். பஷ்மினா லடாக் மலை ஆட்டின் அடிரோமம், அந்த விலைக்கு எங்கே கிடைக்கும்!

மழைநாள்:
எரிப்பது இருக்கட்டும், சிங்கப்பூரின் ஈரக்காற்றில் கம்பளியை வைத்துக் காப்பதுதான் பெரும்பாடு. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்தாலும் கம்பளி கைக்கு ஈரமாகத் தெரியாது, அப்படியே அலமாரியில் வைத்தால் பூஞ்சைதான். அந்துப் புழுவுக்கும் வியர்வைக் கறை என்றால் விருந்து. துவைத்து, நிழலில் படுக்கைவாட்டில் நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத பையில் போடுங்கள். அந்துருண்டை மட்டும் வேண்டாம், வாடை போகவே போகாது.

ஈசூன்வாசி:
கொளுத்திப் பார்த்தேன். முடி வாடை, பொடிச் சாம்பல், அசல் கம்பளிதான். வீடெல்லாம் நாற்றம், எதிர்வீட்டு ஆன்ட்டி என்ன கருகுது என்று கதவைத் தட்டிவிட்டார். மெரினோ விஷயத்தை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.